டாக்டர் பையின் வாய்

கைப்பைக் கடைகளில் ‘டாக்டர் பேக்’ என்ற பெயர் தாராளமாகப் புழங்குகிறது. அடி அகலமாக, மேலே போகப்போகக் குறுகி, உச்சியில் ஒரு கைப்பிடி இருந்துவிட்டால் அந்தப் பெயரை ஒட்டிவிடுகிறார்கள். திறந்தால் பலவற்றில் வெறும் ஜிப்தான். பழைய மருத்துவர் பையின் அந்த வடிவத்தை யாரும் அழகுக்காக வரைந்துவிடவில்லை. பையின் வாயில் இருந்த ஓர் உலோகச் சட்டம் தந்த வடிவம் அது. சட்டத்தைக் கழற்றிவிட்டு வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டால், அந்தப் பையின் உயிர் போய்விடுகிறது.

சட்டம் எப்படி வேலை செய்கிறது? ‘ப’ எழுத்தைக் கவிழ்த்து வைத்தாற்போல இரண்டு உலோகப் பட்டைகள். அவற்றின் கால் நுனிகள் பையின் இரு பக்கங்களிலும் ரிவிட் அடித்துச் சேர்க்கப்பட்டிருக்கும். மூடியிருக்கும்போது இரண்டு பட்டைகளும் நிமிர்ந்து ஒட்டி நிற்கும். பிரித்தால் ஒன்று முன்பக்கமும் மற்றது பின்பக்கமும் சாய்ந்து படுக்க, பையின் வாய் ஒரு செவ்வகமாக விரியும். கால் ஒவ்வொன்றும் 8 சென்டிமீட்டர் என்றால் வாய் 16 சென்டிமீட்டர் அகலம் கொள்ளும். மூடும்போது பக்கவாட்டுத் தோல் உள்ளே மடிந்துகொள்கிறது. அடியில் பலகைபோல் அகன்றும் உச்சியில் ஒரு கோடாக ஒடுங்கியும் தெரிகிற தோற்றம் இதனால் வருவது. எல்லாவற்றிலும் முக்கியமானது, திறந்த பிறகு கையை எடுத்துவிடலாம். வாய் தானாக மூடிக்கொள்ளாது.

வீடு தேடிப் போகிற மருத்துவருக்கு இது எத்தனை பெரிய உதவி என்பதை எண்ணிப் பாருங்கள். மங்கலான விளக்கு, அறிமுகமில்லாத அறை, ஒரு கை நோயாளியின் மேல். மற்றக் கையால் தேடும்போது உள்ளே இருப்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் அப்படித் தூக்கிப் போவதற்கான பொருள்களும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. 1816இல் பிரெஞ்சு மருத்துவர் லென்னக் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்தார். 1850களில் ஊசி மருந்துக்கான சிரிஞ்சு வந்தது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் ஓர் அடி நீளமும் 20 நிமிடக் காத்திருப்புமாக இருந்ததை, 1860களில் இங்கிலாந்தின் கிளிஃபர்ட் ஆல்பட் 6 அங்குலமாகவும் 5 நிமிடமாகவும் குறைத்தார். 1884இல் பரோஸ் வெல்கம் நிறுவனம், அழுத்திச் செய்த மாத்திரைகளுக்கு ‘டேப்லாய்ட்’ என்ற வணிகப் பெயரைப் பதிவு செய்தது. புட்டிகளின் இடத்தை மாத்திரைகள் பிடிக்கப் பிடிக்க, பையில் இடமும் கூடியது.

மருத்துவர் பையைக் கிளாட்ஸ்டன் பையோடு போட்டுக் குழப்புகிறவர்கள் உண்டு. நான்கு முறை பிரிட்டிஷ் பிரதமராக இருந்த வில்லியம் கிளாட்ஸ்டனின் பெயர் கொண்ட அந்தப் பை, பயணத்துக்கானது. விரித்தால் சரிபாதியாகப் பிளந்து, இரண்டு அறைகளாகப் படுக்கும். சட்டை துணிமணி அடுக்க அது சரி. மருத்துவர் பைக்கு ஒரே அறை, ஒரே வாய். இரண்டுக்கும் சட்டம் இருப்பதால் வந்த குழப்பம் இது.

அப்படியானால் இது பெண்களின் தோளுக்கும் கைக்கும் எப்படி வந்தது? 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியப் பெண்கள் வைத்திருந்தது சுருக்குக் கயிறு போட்ட சிறிய துணிப்பை. சட்டமும் பூட்டும் கொண்ட தோல் கைப்பை, ரயில் பயணச் சாமான்களின் வழியில் வந்தது. ஆஸ்கர் வைல்டின் ‘த இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்’ 1895இல் மேடையேறியது. அதில் விக்டோரியா ரயில் நிலையத்தில் விட்டுச்செல்லப்படும் கைப்பைக்குள் ஒரு கைக்குழந்தையே இருக்கிறது. அவ்வளவு பெரிய பயணப் பைதான் பின்னர் சிறுத்துச் சிறுத்து நாகரிகப் பொருளானது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் வெனிஸின் ‘ராபர்ட்டா டி கமெரினோ’ நிறுவனம் செய்த ‘பகோங்கி’ பை, மருத்துவர் பையையே வெல்வெட்டிலும் பித்தளையிலும் வார்த்தது. நடிகை கிரேஸ் கெல்லி அதை வைத்திருந்தார். தோலுக்குப் பதில் வெல்வெட் வந்தும் அதில் அந்தப் பழைய அமைப்பு தெரிகிறது என்பதால், அந்த மரபில் எனக்கு மிகவும் பிடித்த பை அது.

இதே காலத்தில் மருத்துவர்களின் கையிலிருந்து பை மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் 1930 வாக்கில் நோயாளியை மருத்துவர் பார்த்த சந்திப்புகளில் சுமார் 40 சதவீதம் வீட்டில் நடந்தவை. 1980இல் அது 1 சதவீதம் அளவுக்கு வந்துவிட்டது. 1948இல் ‘லைஃப்’ இதழுக்காக யூஜின் ஸ்மித் எடுத்த புகைப்படம் ஒன்றில், கொலராடோ மாநிலத்துச் சிற்றூர் மருத்துவர் எர்னஸ்ட் செரியானி கருமேகத்தின் கீழ் பையும் கையுமாக நடந்துபோகிறார். நம் பழைய சினிமாப் படங்களில் டாக்டர் புறப்படும்போது வீட்டுக்காரர் பையை வாங்கிக்கொண்டு வாசல்வரை கூடவே போவாரே, அந்த மரியாதையும் இந்தப் பையைச் சேர்ந்ததுதான்.

ஆனால் பை முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. வீடு வீடாகப் போகும் செவிலியர்களுக்கு ‘பேக் டெக்னிக்’ என்று ஒரு பாடமே உண்டு. வீட்டில் செய்தித்தாளை விரித்து அதன்மேல் பையை வைக்க வேண்டும். சோப்பும் துண்டும் முதலில் எடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும். கை கழுவிய பிறகே சுத்தமான பொருள்களைத் தொட வேண்டும். பையைத் துழாவக் கூடாது என்ற இந்த ஒழுங்குக்கு, விரிந்து நிற்கும் வாய் எவ்வளவு பொருத்தம்!

கைப்பையாக வாங்குவோருக்கும் இதே அளவுகோல் போதும். திறந்து கையை எடுங்கள். வாய் நின்றால் உள்ளே சட்டம் இருக்கிறது; இப்போது பலர் அதைத் தோலுக்குள் மறைத்துத் தைக்கிறார்கள், அதில் தவறில்லை. கைப்பிடி சட்டத்தில் மாட்டியிருந்தால் சுமை உலோகத்தில் இறங்கும். வெறும் தோலில் தைத்திருந்தால் தையல் அறுந்துபோகக் கூடும். எடைதான் இதன் உண்மையான குறை. நெரிசல் பேருந்தில் தினமும் தோளில் மாட்டிப் போகிறவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மேசையருகே வைத்து நாள் முழுக்க எடுத்தும் வைத்தும் வேலை செய்பவருக்கு இதைவிட வசதியான பை குறைவு. திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் வளைவது பக்கவாட்டு மடிப்பின் தோல். அந்த இடத்தில் தோல் மிருதுவாக இருக்கிறதா என்று வாங்கும்போதே விரலால் தடவிப் பாருங்கள்.