ஊர்ப்பெயர்களில் யூதத் தடம்: ஒலியொப்புமை ஆய்வுக்கு ஒரு மறுப்பு

ஐதராபாத்தில் நடைபெற்ற கருத்தரங்கொன்றில், கேரளச் சிற்றூர்ப் பெயர்களில் எபிரேயச் சொற்களைக் 'கண்டெடுத்த' கட்டுரையொன்று வாசிக்கப்பட்டது. கைதட்டலும் பெற்றது. திருச்சூர் மாவட்டத்து மாள என்னும் ஊரின் பெயர், அடைக்கலம் எனப் பொருள்படும் எபிரேயத் தொடரின் திரிபு என்பது அதன் தலையாய முடிபு. இது புதியதன்று, ஊர் வரலாறுகளில் நெடுநாளாக உலவுவதே. எபிரேயத்தில் ளகரம் இல்லை. அவ்வாறிருக்க லகரம் ளகரமாகத் திரிந்தது ஏன், இடைநிலை வடிவம் எந்த ஆவணத்தில் உள்ளது என இரு வினாக்களை எழுப்பினேன். 'மக்கள் அவ்வாறு நம்புகின்றனர்' என்பதே விடையாகக் கிடைத்தது. மக்கள் நம்பிக்கை நாட்டார் வழக்காற்றியலுக்குத் தரவு. சொற்பிறப்பியலுக்குச் சான்று ஆகாது.

மாளவில் யூதர் வாழ்ந்தனர் என்பதில் ஐயமில்லை. தொழுகைக்கூடமும் இடுகாடும் அங்கு உள்ளன. இசுரேலுக்குப் புறப்பட்ட மாள யூதர்கள் 1955இல் அவற்றை ஊராட்சியிடம் ஒப்படைத்துச் சென்றனர். இத்துணைச் சான்று கண்முன் இருக்க, ஊர்ப்பெயரைப் பிழிந்து எபிரேயச் சாறு எடுக்க வேண்டிய தேவை என்ன?

ஒலியொப்புமை நம்மை எங்குக் கொண்டு செல்லும் என்பதற்கு எதிர்ச்சான்றுகள் பல. எறணாகுளம் மாவட்டத்துச் சேந்தமங்கலத்தில் 1269ஆம் ஆண்டினதான எபிரேயக் கல்லறைக் கல் உள்ளது. இசுரேலின் மகள் சாரா என்னும் பெண்ணுக்குரியது. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளுள் மிகப் பழையதாக அது கருதப்படுகிறது. ஊர்ப்பெயரின் ஈறோ 'மங்கலம்'! ஐதராபாத்திலிருந்து ஓர் இரவுப் பயணத்தில் குண்டூர் மாவட்டத்துக் கொத்தரெட்டிபாலெத்தை அடையலாம். தம்மைப் பெனே எப்ராயீம் என அழைத்துக்கொள்ளும் தெலுங்கு யூதர்களின் தொழுகைக்கூடம் அங்கு உள்ளது. பெயரில் இருப்பவரோ ரெட்டிமார். மாறாக, தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்து விவிலிய நிலத்தின் பெயரை அப்படியே தாங்கியுள்ளது. அதைச் சூட்டியவர்கள் கிறித்தவ மறைப்பணியாளர்கள். யூதருக்கும் அவ்வூருக்கும் தொடர்பில்லை. யூதர் உள்ள ஊரில் யூதப் பெயரில்லை; பெயர் உள்ள ஊரில் யூதரில்லை.

கொங்கணக் கடற்கரை இன்னும் தெளிவான பாடம் தருகிறது. அங்குள்ள பெனே இசுரேல் சமூகத்தார் செக்காட்டி எண்ணெய் எடுத்தவர்கள். ஓய்வுநாளான சனிக்கிழமையில் செக்கு ஓட்டாமையால் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர், என அழைக்கப்பட்டனர். அவர்களுடைய குடும்பப் பெயர்களை நோக்குக: பேணிலிருந்து பேண்கர், ரோஹாவிலிருந்து ரோஹேகர், கிஹீமிலிருந்து கேஹிம்கர். இவை மராத்திய ஊர்களின் மராத்தியப் பெயர்கள். ஊர்ப்பெயர் யூதரைச் சுமக்கவில்லை; யூதரே ஊர்ப்பெயரைச் சுமந்து இசுரேல் வரை சென்றனர். எபிரேய வேர் தேடுவோர் இத்திசையில் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

தமிழாய்வாளர் கவனிக்க வேண்டிய பெயர் ஒன்றுண்டு: அஞ்சுவண்ணம். கி.பி. 1000 அளவில் பாஸ்கர ரவிவர்மன் அளித்த செப்பேடு ஈசுப்பு இரப்பான் என்பவருக்கு 72 உரிமைகளையும் அஞ்சுவண்ணத்தையும் வழங்குகிறது. யோசேப்பு ரப்பான் என்னும் பெயர் வட்டெழுத்தில் எவ்வாறு தமிழ் ஒலிக்குள் அடங்கியது என்பதை அங்குக் கண்ணாரக் காணலாம்; அதுவன்றோ சான்று! இதனைக் கொண்டு அஞ்சுவண்ணம் என்றாலே யூதக் குடியேற்றம் என்று குண்டர்ட் 1844இல் கருதினார். செப்பேடுகள் சிலவே கிடைத்திருந்த காலத்தில் அக்கருத்து இயல்பானது. இன்று அது போதாது. 849ஆம் ஆண்டுக் கொல்லம் செப்பேட்டிலும் அஞ்சுவண்ணம் வருகிறது. அதன் சாட்சிக் கையொப்பங்கள் எபிரேய எழுத்திலும் அரபு எழுத்திலும் பகலவி எழுத்திலும் உள்ளன. களவியற்காரிகை உரையால் நமக்குக் கிடைத்துள்ள பல்சந்தமாலைப் பாடல்களில் அஞ்சுவண்ணத்தார் அல்லாவைத் தொழுவோர். எனவே எ. சுப்பராயலு விளக்கியுள்ளவாறு, மேற்காசிய வணிகர் பலரையும் உள்ளடக்கிய குழுவே அஞ்சுவண்ணம் எனக் கொள்வதே பொருந்தும். கூட்டம் எனப் பொருள்படும் 'அஞ்சுமன்' என்னும் பாரசீகச் சொல் அதன் மூலம்.

இன்று தக்கலையில் அஞ்சுவண்ணம் என்னும் பெயர் இசுலாமியரிடம் வழங்குகிறது. தோப்பில் முஹம்மது மீரானின் புதினத் தலைப்பாகவும் அது நிலைபெற்றது. ஐந்து என்னும் எண்ணோடும் வண்ணத்தோடும் இணைத்து மக்கள் அதற்குப் பொருள் கூறுவர். ஒரு பெயர் ஆயிரமாண்டு கடந்து நிற்க, அதற்குரியோரும் பொருளும் மாறியுள்ள வரலாறு இது. கருத்தரங்கக் கட்டுரையாளர் கையில் இப்பெயர் கிடைத்திருப்பின் தக்கலை மக்களை யூத வழியினர் ஆக்கியிருப்பார். அவ்வாறு எழுதப்படும் வரி அம்மக்களின் வாழ்வில் என்ன செய்யும் என எண்ணவேண்டாவா?

ரா.பி. சேதுப்பிள்ளையின் 'தமிழகம் ஊரும் பேரும்' 1946இல் வெளிவந்தது. அதன்பின் இடப்பெயராய்வு நெடுந்தொலைவு வந்துள்ளது. ஆயினும் நம் ஆய்வேடுகள் ஊர்ப்பெயரோடு நின்றுவிடுகின்றன. குளம், மேடு, வரப்பு, இடுகாடு ஆகியவற்றின் பெயர்களைத் தொடுவதில்லை. கண்ணூர் மாவட்டத்து மாடாயிப்பாறையில் ஒரு குளம் யூதக்குளம் என்றே வழங்குகிறது. எவ்வகைத் திரிபும் தேவைப்படாத பெயர் அது. இத்தகைய சிறு பெயர்கள் வரைபடத்தில் ஏறுவதில்லை. சொல்லும் முதியவர் மறைந்தால் அவையும் மறையும். அடுத்த முறை மாளவுக்குச் செல்லும் ஆய்வாளர் எபிரேய அகராதியை வீட்டில் வைத்துவிட்டு, இடுகாட்டைச் சுற்றியுள்ள நிலங்களின் பெயர்களை அங்குள்ள முதியவர்களிடம் கேட்டு எழுதி வரட்டும்.