பாதி மலை... முழு மழை!

ஐப்பசி பொறந்துட்டா போதும், ஹாஸ்டலுக்கே ஒரு வியாதி வந்துடும். இன்டர்னல் முடிஞ்சிருக்கும், செமஸ்டருக்கு நாள் இருக்கும், வெயிலும் சாதுவாகி இருக்கும். 'எங்கேயாவது மலைக்குப் போலாமா மச்சி?'னு வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வரி விழும். உடனே பன்னெண்டு பேர் கை தூக்குவாங்க. கிளம்புற அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல ரெண்டே ரெண்டு பேர் நிப்பாங்க. உங்க காலேஜ்லயும் இதே கதைதானே?

போன வருஷம் அந்த ரெண்டு பேர் நானும் என் ரூம்மேட்டும். போன இடம், வெள்ளகவி.

கொடைக்கானல் வட்டக்கானல்ல இருந்து டால்பின் நோஸ், எக்கோ ராக் எல்லாம் தாண்டி, அப்படியே கீழே இறங்கினா வர்ற குட்டி மலைக் கிராமம். ஊருக்குள்ள யாரும் செருப்பு போட மாட்டாங்க. ஊரே கோயில் மாதிரி. 1821-ல லெப்டினன்ட் வார்டுங்கிற வெள்ளைக்காரர் இந்த வெள்ளகவியில தங்கி, இங்கிருந்து மேலே ஏறித்தான் கொடைக்கானல் பகுதியை சர்வே பண்ணினார். அதாவது, நாம ஹனிமூன் ஸ்பாட்னு நினைக்கிற டவுனைவிட இந்த ஊர் சீனியர்!

ரூம்மேட்டுக்கு சொந்த ஊர் பெரியகுளம். அவங்க தாத்தா வயசுப் பையனா இருந்தப்போ வெள்ளகவிக்கும் பெரியகுளத்துக்கும் நடுவுல மூட்டை சுமந்தவர். இப்போ முட்டி போச்சு. 'நீயாவது போய் அந்த ஊரைப் பார்த்துட்டு வந்து சொல்லுடா'னு பேரன்கிட்ட சொல்லி, அங்கே இருக்கிற பழைய கூட்டாளிக்கு ஒரு கவுளி வெத்தலையும் கட்டிக் கொடுத்துவிட்டிருந்தார். ஸோ, எனக்கு அது டிரிப். அவனுக்கு அது டியூட்டி.

கேலண்டரை கொஞ்சம் பார்த்துக்குங்க. இங்கிலீஷ் படத்துல 'ஆட்டம்'னா இலை உதிரும், ஹீரோயின் ஸ்கார்ஃப் கட்டிக்கிட்டு நடப்பாங்க. நமக்கு அந்த மாசத்துல வானம்தான் உதிரும். வடகிழக்குப் பருவமழை வழக்கமா அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்குது. ஆரம்ப நாட்கள்ல காலையில பளிச்சுனு வெயில் அடிக்கும். மதியத்துக்கு மேல இடி இறங்கும். எங்களுக்கும் அன்னிக்குக் காலையில வட்டக்கானல்ல சூப்பர் வெயில். டீக்கடை அண்ணன் மட்டும் வானத்தைப் பார்க்காம எங்க காலைப் பார்த்தார். ரூம்மேட் போட்டிருந்தது ஜீன்ஸும் கேன்வாஸ் ஷூவும்.

இந்த ரூட்ல ஒரு வில்லங்கம் இருக்கு. மத்த மலையில முதல்ல ஏறணும், அப்புறம் இறங்கணும். மூச்சு வாங்கினா, 'போதும்டா சாமி'னு நம்ம உடம்பே திருப்பிக் கூட்டிட்டு வந்துடும். இங்கே தலைகீழ். முதல்ல இறக்கம். ஜாலியா, ஓட்டமும் நடையுமா இறங்கிடலாம். ஏத்தம் எல்லாம் திரும்பி வரும்போதுதான், கால் தளர்ந்த பிறகு, இருட்டுற நேரத்துல. கிரெடிட் கார்டு மாதிரினு வெச்சுக்குங்களேன்.

டால்பின் நோஸ் தாண்டினதுமே மூடுபனி மூடிடுச்சு. முதல் இடி கேட்டப்போ சிரிச்சோம். ரெண்டாவதுக்கு ரூம்மேட் மொபைல்ல ஸ்டாப்வாட்ச் ஆன் பண்ணினான். இது பிளஸ் டூ பிசிக்ஸ்தான். ஒலி ஒரு செகண்டுக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல மூணு செகண்டுன்னா, மின்னல் ஒரு கிலோமீட்டர் தள்ளி விழுந்திருக்கு. எங்களுக்கு முதல்ல வந்தது 21 செகண்ட். கொஞ்ச நேரத்துல 12. அப்புறம் 7. 30 செகண்டுக்குள்ள இடி கேட்டாலே வெட்டவெளியை விட்டு ஒதுங்கணும்கிறது பொதுவான பாதுகாப்பு விதி. நாங்க நின்னது ரெண்டு பக்கமும் சரிவா இறங்குற முகட்டுப் பாதை. எங்கே ஒதுங்க?

அப்புறம் கொட்டுச்சு பாருங்க... பாதை எது, ஓடை எதுனு தெரியலை. மர வேர் மேல கால் வெச்சா சோப்புக் கட்டி. கீழே இருந்து ஒரு பெரியவர் தலையில பிளாஸ்டிக் சாக்கை மடிச்சுப் போட்டுக்கிட்டு, வெறுங்கால்ல, ஏதோ மார்க்கெட்டுக்குப் போற மாதிரி ஏறி வந்தார்.

"எங்க தம்பி போறீக?"

"வெள்ளகவிக்கு, தாத்தா."

"போறது போயிருவீக. இன்னைக்கு ஏற முடியாது. பாத்துக்கங்க."

அவ்ளோதான் சொன்னார். போகாதேனும் சொல்லலை, வானு கூப்பிடவும் இல்லை.

"ஏற முடியலைன்னா என்ன, தாத்தாவோட கூட்டாளி வீட்டுலயே படுத்துக்கலாம்டா"னு ரூம்மேட் சொன்னான். நியாயமாத்தான் பட்டுச்சு. நின்னு யோசிப்போம்னு பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினேன். அவனால அதைப் பிரிக்க முடியலை. விரல் மடங்கலை. பல்லால கடிச்சு இழுத்தான், அதுவும் நழுவுச்சு. அதைப் பார்த்ததும்தான் எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுது.

குளிர்ல விறைச்சுப் போறதுக்கு இமயமலையும் பனியும் தேவையில்லை. உயரம் 1,000 மீட்டர் கூடக்கூட வெப்பம் சராசரியா 6.5 டிகிரி குறையும். பெரியகுளத்துல வியர்க்கிற அதே மதியம், சுமார் 2,000 மீட்டர் உயரத்துல ஸ்வெட்டர் கேட்கும். அதுல நனைஞ்ச துணியும் காத்தும் சேர்ந்தா கதை கந்தல். முக்கியமா ஜீன்ஸ். தண்ணியைக் குடிச்சிட்டுக் காயவே காயாது. நடுக்கம், விரல் சொன்ன பேச்சைக் கேட்காதது, தடுமாத்தம், வாய் குழறல்... இந்த வரிசையிலதான் பெரும்பாலும் ஆரம்பிக்கும். அவன் ரெண்டாவது படியில இருந்தான்.

"திரும்பலாம்"னேன்.

"இன்னும் கொஞ்ச தூரம்தான்டா. தாத்தாகிட்ட என்ன சொல்லுவேன்?"

"நான் வரலை. நீ போறதுன்னா தனியாப் போ."

தெரிஞ்சேதான் அப்படிச் சொன்னேன். அவன் தனியாப் போக மாட்டான்னு எனக்குத் தெரியும். பெரியவர்கிட்ட வெத்தலைக் கட்டைக் கொடுத்து, கூட்டாளி பேரைச் சொன்னோம். 'நாளைக்கு எறங்கும்போது குடுத்துர்றேன்'னு மடியில செருகிக்கிட்டார். என் ஸ்வெட்டரை அவனுக்கு மாட்டிவிட்டு ஏற ஆரம்பிச்சோம். வட்டக்கானல் டீக்கடை வர்ற வரைக்கும் அவன் ஒரு வார்த்தை பேசலை. அதுக்கப்புறம் நாலு நாள், ஒரே ரூம்ல, ஒரு வார்த்தை பேசலை!

அங்கே டீ குடிக்கும்போது எனக்கு வேற ஒரு யோசனை. வட்டக்கானல் பக்கம் விழற பாம்பார் தண்ணிதான் மலையெல்லாம் இறங்கி, அடிவாரத்துல கும்பக்கரை அருவியா கொட்டுது. மேலே எங்களை நனைச்ச மழை, கீழே சுள்ளுனு வெயில்ல குளிச்சுக்கிட்டு இருக்கிறவனைத் தேடிப் போகும். அவன் தலைக்கு மேல மேகமே இருக்காது. 2015 மே மாசம் அமாவாசைக்கு சதுரகிரி போன பக்தர்கள் சிலர் திடீர் வெள்ளத்துல இறந்தாங்க. 2024 மே 17-ல பழைய குற்றாலத்துல 17 வயசுப் பையன் ஒருத்தன் அடிச்சுட்டுப் போகப்பட்டான். குளிக்கத் தடைனு போர்டு வெச்சா, 'தண்ணி கம்மியாத்தானே இருக்கு'னு கார்டுகிட்ட மல்லுக்கு நிக்கிற நம்ம பசங்க, ஒரு தடவை மேலே இருக்கிற மலையை அண்ணாந்து பார்க்கலாம்.

அஞ்சாவது நாள் ரூம்மேட் பேசினான். சமாதானத்துக்கு இல்லை, சண்டைக்கு. "தாத்தாகிட்ட கேட்டேன். அவங்கல்லாம் இந்த மழையிலதான் மூட்டை தூக்கினாங்களாம். அன்னிக்குப் போயிருந்தா நமக்கு ஒண்ணும் ஆகியிருக்காது"னான்.

ஆகியிருக்காதுதான். ஆகியிருக்கும்னு நிரூபிக்க என்கிட்ட ஒரு ஆதாரமும் இல்லை. சிவில் டிபார்ட்மென்ட்காரன்கிட்ட கேளுங்க... இடியாத பாலத்துக்கு எவனும் கை தட்டினது இல்லை. திரும்பி வந்தவன் கதையும் அப்படித்தான். ஆனா, தாத்தா விஷயத்துல மட்டும் அவன்கிட்ட ஒண்ணு கேட்டேன். "மழைன்னு உட்கார்ந்திருந்தா உங்க தாத்தாவுக்கு அன்னிக்குக் கூலி கிடைச்சிருக்குமா?" அவன் பதில் சொல்லலை. 'ரெக்கார்டு நோட்டைக் கொடு'னு மட்டும் கேட்டான்.

பொங்கல் லீவுல மறுபடி போறோம். அப்போ வானம் தெளிஞ்சிருக்கும், ஆனா குளிர் இதைவிட அதிகம். அவன் ஜீன்ஸ்லதான் வருவேன்னு அடம் பிடிக்கிறான். பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டு இருக்கு.