19 பந்துகளும் ஓர் இளைஞரின் பெயரும்

வைகையில் நீர் வற்றிய மாதங்களில் அதன் மணற்பரப்பும், அறுவடை முடிந்த மேலூர், வாடிப்பட்டி வயல்களும் மாலை நேரத்தில் ஆடுகளங்களாகிவிடுகின்றன. அஸர் தொழுகை முடிந்த கையோடு மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடும் நம் பிள்ளைகள், மஃக்ரிப் பாங்கு கேட்டபின்னரே மணல் அப்பிய கால்களோடு வீடு திரும்புகின்றனர். காஜிமார் தெருவிலும் கோரிப்பாளையத்திலும் நெல்பேட்டையிலும் கிரிக்கெட் பேசாத தேநீர்க் கடை இல்லை. அந்தப் பேச்சில் நாமும் கலந்துகொள்கிறோம். அதில் பிழையேதும் இல்லை. ஆனால் தொலைக்காட்சியைப் பார்த்து "இவனெல்லாம் ஓர் ஆட்டக்காரனா?" என்று நாம் எறியும் சொல்லை, பக்கத்தில் அமர்ந்திருக்கும் நம் மகனும் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இதை எழுதத் தூண்டியது ஒரு பழைய ஆட்டம். 2018 மார்ச் 18, கொழும்பு. நிதாஹஸ் கோப்பையின் இறுதிப் போட்டியில் வங்கதேசத்தின் 166 ரன்களை இந்தியா துரத்திக்கொண்டிருந்தது. திருநெல்வேலியில் பிறந்து தமிழ்நாட்டு அணிக்காக ஆடிவந்த விஜய் சங்கர் களத்தில் இருந்தார். அவர் இந்திய அணிக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. முஸ்தஃபிசுர் ரஹ்மான் வீசிய 18ஆவது ஓவரில் பந்து மீண்டும் மீண்டும் அவருடைய மட்டையைத் தாண்டிச் சென்றது. அந்த ஓவரில் மட்டையால் ஒரு ரன்கூட வரவில்லை. மறுமுனையில் நின்ற மணீஷ் பாண்டேயின் விக்கெட்டும் போயிற்று. இறங்கிவந்த தினேஷ் கார்த்திக் 8 பந்துகளில் 29 ரன் எடுத்து, கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்து வெற்றியைத் தேடித்தந்தார். விஜய் சங்கரின் கணக்கு 19 பந்துகளில் 17 ரன்.

இந்தியா வென்றது. ஆயினும் அன்றிரவு ஒருவர் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டார். செய்தித் தலைப்புகளும் விவாத மேடைகளும் கேலிப் படங்களும் ஒரே பெயரைச் சுற்றிவந்தன. மறுபுறம், அவருக்காக வாதாடிய ரசிகர்களும் இருந்தனர். நம் தெருக்களிலும் அந்த வழக்கு நடந்தது.

நிதானமாகப் பார்த்தால் இரு தரப்பிலும் உண்மை இருந்தது. ஆட்டத்தைப் பற்றிய குறை சரியானதே. வேகம் குறைத்து வீசப்பட்ட பந்துகளை அவரால் கணிக்க இயலவில்லை; ஒரு ரன் எடுத்து மறுமுனைக்கு வாய்ப்பளிக்கவும் முடியவில்லை. இதை எழுதுவது விமர்சகரின் கடமை. ஆனால் எழுதப்படாமல் போனவையும் இருந்தன. அந்தத் தொடரின் முந்தைய ஆட்டங்களில் அவருக்கு மட்டை பிடிக்கும் வாய்ப்பே வரவில்லை. சர்வதேசப் போட்டி ஒன்றில் அவர் மட்டையோடு களமிறங்கியது அன்றுதான் முதல் முறை. அனுபவம் மிக்க கார்த்திக்குக்கு முன்னால் அவரை அனுப்பியது அணித்தலைவரின் முடிவு. பத்து நாள்களுக்கு முன் அதே வங்கதேசத்துக்கு எதிராக 2 விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் விருது பெற்றவரும் அவரே. ஒரு செய்தியின் பாதியை மட்டும் சொன்னால், அந்தப் பாதி உண்மையாகவே இருந்தாலும், முழுமையில் அது அநீதியாகிவிடுகிறது.

ஊடகம் ஏன் இப்படிச் செய்கிறது என்பது புரியாத புதிரன்று. ஆட்டம் நள்ளிரவுக்கு அருகில் முடிகிறது. தலைப்பு உடனே வேண்டும். 11 பேரின் ஏற்றத்தாழ்வுகளையும், ஆடுகளத்தின் தன்மையையும், தலைவரின் கணக்கையும் விளக்கப் பொறுமை வேண்டும். ஒரு பெயரைச் சுட்ட ஒரு வரி போதும். அதிலும் புதியவரின் பெயர் எளிதானது. அவருக்காகப் பேச பழைய சாதனைகள் இல்லை. ஆனால் அந்த ஒரு வரியை ஆயிரம் கைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் யார்? நாம்தான். குடும்பக் குழுவிலும் ஜமாஅத் நண்பர்கள் குழுவிலும் அந்தக் கேலிப் படத்தைப் பகிர்ந்த விரல்கள் நம்முடையவை.

அடுத்த ஆண்டு நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. 2019 உலகக் கோப்பை அணிக்கு விஜய் சங்கர் தேர்வானார். அம்பத்தி ராயுடு விடுபட்டார். மட்டை, பந்துவீச்சு, களத்தடுப்பு என மூன்று பரிமாணங்கள் விஜய் சங்கரிடம் இருப்பதாகத் தேர்வுக் குழுத் தலைவர் எம்.எஸ்.கே. பிரசாத் விளக்கினார். உலகக் கோப்பையைப் பார்க்க முப்பரிமாணக் கண்ணாடி வாங்கியிருப்பதாக ராயுடு ட்விட்டரில் எழுதினார். சொன்னவர் ஒருவர், மறுமொழி தந்தவர் இன்னொருவர். ஆனால் '3டி' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது, இரண்டையும் சொல்லாத மூன்றாமவர் மீது. உலகக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராகத் தம் முதல் பந்திலேயே இமாமுல் ஹக்கின் விக்கெட்டை அவர் வீழ்த்தியபோதும் அந்தப் பெயர் அகலவில்லை.

பிறரைப் பரிகசிப்பதையும், பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும், புறம் பேசுவதையும், ஆதாரமற்ற சந்தேகத்தையும் அல்ஹுஜுராத் அத்தியாயம் விலக்குகிறது. வந்த செய்தியைத் தீர விசாரிக்கவும் அதே அத்தியாயம் கட்டளையிடுகிறது. ஜும்ஆ பயானில் இவற்றைப் பலமுறை கேட்டிருக்கிறோம். அண்டை வீட்டாரைப் பற்றிப் பேசும்போது இவை நம் நினைவுக்கு வருகின்றன. திரையில் தெரியும் மனிதரைப் பற்றிப் பேசும்போது மட்டும் இவற்றுக்கு விடுமுறை அளித்துவிடுகிறோம்.

இந்த விடுமுறையின் விலை நமக்குத் தெரியாததன்று. 2021 அக்டோபர் 24 அன்று துபாயில் பாகிஸ்தானிடம் இந்தியா 10 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. 11 பேரும் தோற்றனர். ஆனால் முஹம்மது ஷமியின் பெயரைச் சொல்லி, அவருடைய மார்க்கத்தைச் சொல்லி வசை பொழிந்தனர். அந்த வாரம் நம் வீடுகளில் நிலவிய மௌனத்தை நாம் மறக்கவில்லை. அணித்தலைவர் விராட் கோலி வெளிப்படையாக ஷமியின் பக்கம் நின்றபோது நமக்கு ஏற்பட்ட ஆறுதலையும் மறக்கவில்லை. மறு ஆண்டு செப்டம்பரில் அதே துபாயில் ஒரு கேட்சைத் தவறவிட்டதற்காக 23 வயது அர்ஷ்தீப் சிங்கை, அவர் சீக்கியர் என்பதைப் பிடித்துக்கொண்டு தூற்றினர். இவை கொடியவை, விஜய் சங்கர் பட்ட கேலியோடு சமமாக வைக்கத்தக்கவை அல்ல. ஆனால் தொடக்கம் ஒன்றே: ஓர் ஆட்டத்தின் பிழையை ஒரு மனிதரின் தகுதியாக மாற்றிவிடுவது. ஷமிக்காக நீதி கேட்ட நாம், விஜய் சங்கருக்கு அதைத் தர மறந்தோம் என்றால், நாம் கேட்டது நீதியா, நம்மவருக்கான சலுகையா?

"நாட்டுக்காக ஆடுகிறார்கள், கோடிகளில் சம்பாதிக்கிறார்கள், விமர்சனத்தைத் தாங்க வேண்டாமா?" என்று கேட்கலாம். தாங்கத்தான் வேண்டும். பிழையைச் சுட்டாவிட்டால் ஆட்டம் வளராது. பாராட்டை மட்டுமே கேட்டு வளர்பவர் தேங்கிப்போவார். இளைஞர் என்பதற்காகக் குறையை மறைப்பதும் நேர்மையன்று. ஆனால் 'இந்தப் பந்தை இப்படி ஆடியிருக்க வேண்டும்' என்பது விமர்சனம். 'இவன் எதற்கும் உதவான்' என்பது தீர்ப்பு. முன்னதில் திருந்த வழி இருக்கிறது. பின்னதில் கதவு அடைக்கப்பட்டிருக்கிறது.

அடைக்கப்பட்ட கதவுக்கு நல்ல எடுத்துக்காட்டு முஹம்மது சிராஜ். 2017இல் ராஜ்கோட்டில் தம் முதல் சர்வதேச ஆட்டத்தில் 4 ஓவர்களில் 53 ரன் கொடுத்தார். பின்னர் ஐபிஎல்லில் தடுமாறிய காலத்தில், ஆட்டோ ஓட்டுநரான தந்தையோடு சேர்ந்து ஆட்டோ ஓட்டப் போகும்படி சிலர் ஏளனம் செய்ததை அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். 2025 ஆகஸ்ட் 3 அன்று ஓவல் மைதானத்தில் ஹாரி புரூக் 19 ரன்னில் இருந்தபோது பந்தைப் பிடித்தும் எல்லைக் கோட்டை மிதித்துவிட்டார். புரூக் 111 ரன் எடுத்தார். மறுநாள் காலையில் எஞ்சிய 4 விக்கெட்டுகளில் மூன்றை வீழ்த்தி, 6 ரன் வித்தியாசத்தில் இந்தியாவை வெல்லச் செய்தவரும் அவரே.

இந்தக் கதையை நாம் விரும்பிச் சொல்கிறோம். ஆயினும் இதில் ஒரு கண்ணி உள்ளது. பின்னாளில் வென்றதால்தான் சிராஜ் மதிக்கத்தக்கவர் ஆனாரா? விஜய் சங்கருக்கு அப்படியொரு காலை வாய்க்கவில்லை. 2019 மார்ச்சில் நாகபுரியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகக் கடைசி ஓவரை வீசி வெற்றியைக் காத்தார். அதை நினைப்பவர் சிலரே. அவ்வாண்டு ஜூன் 27க்குப் பின் இந்திய அணிக்காக அவர் ஆடவேயில்லை. வெற்றி பெற்றுத் தம்மை நிரூபிக்காதவருக்கும் நியாயமான பேச்சைப் பெறும் உரிமை உண்டு. நீதி என்பது வென்றவருக்குத் தரும் பரிசன்று.

ரசிகர்களாகிய நமக்கும் ஒரு சொல். நமக்குப் பிடித்த இளைஞருக்காக வாதாடும்போது, குறை எழுதிய செய்தியாளரை ஏசுவதும், ராயுடுவைத் தாழ்த்தி விஜய் சங்கரை உயர்த்துவதும் அதே நோயின் மறுபக்கமே. ஊடகத்துக்கு நாம் தரும் விடை கணக்கோடும் கண்ணியத்தோடும் இருக்கட்டும்: எத்தனையாவது ஆட்டம், எந்த இடத்தில் இறக்கப்பட்டார், முந்தைய ஆட்டங்களில் என்ன செய்தார் என்று சொல்வோம். செய்தியைப் பகிருமுன் முழு ஆட்டமும் நமக்குத் தெரியுமா என்று கேட்டுக்கொள்வோம். அந்த இளைஞர் நம் முன் அமர்ந்திருந்தால் இதே சொல்லைச் சொல்வோமா என்றும் எண்ணிப் பார்ப்போம்.

நாளை மாலை நம் பிள்ளை வைகை மணலில் ஒரு கேட்சைத் தவறவிடுவான். மறுமாதம் கணக்குத் தேர்வில் தவறலாம். அப்போது மதிப்பெண் அட்டையை நம்மிடம் நீட்டுவானா, பையின் அடியில் ஒளிப்பானா என்பதை, திரையில் தோற்ற ஒருவரைப் பற்றி நாம் இன்றிரவு பேசும் பேச்சும் சேர்ந்தே முடிவு செய்கிறது. நம் நாவுகளையும் விரல்களையும் அநீதியிலிருந்து அல்லாஹ் காப்பானாக.