ஒரு பிரதியை நம்பி இருக்க வேண்டாம்



"எல்லாம் கம்பியூட்டர்ல போட்டாச்சு, இனிப் பயமில்லை" என்கிறோம். யார் சொல்கிறோம்? 1990 ஒக்டோபர் 30இல், இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர்களின் பிள்ளைகள். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் படம் எல்லாம் ஒரே அலுமாரியில் இருந்தன. புத்தளத்தில் இருந்துகொண்டு ஒவ்வொரு கடதாசிக்கும் வாப்பாமார் அலைந்த கதையைக் கேட்டு வளர்ந்தோம். இன்று அலுமாரிக்குப் பதில் ஒரு ஹார்ட் டிஸ்க். வேறென்ன மாறியது?

1981இல் யாழ் நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. வேறிடத்தில் பிரதி இருந்த புத்தகங்களைத் திரும்ப வாங்கலாம். ஒரே பிரதியாக இருந்த ஏட்டுச்சுவடிகளை எங்கே வாங்குவது?

"அதெல்லாம் யுத்த காலம்" என்பீர்கள். 2023 ஓகஸ்டில் யுத்தமா நடந்தது? கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் வைரஸ் இலங்கை அரசாங்கத்தின் கிளவுடுக்குள் புகுந்தது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயின. சுமார் 5,000 கணக்குகள். அந்தக் காலத்துக்கு பக்கப் இருக்கவில்லை. பொறியியலாளர்கள் உள்ள இடத்துக்கே அந்தக் கதி என்றால், மூலையில் கிடக்கும் நமது பழைய கம்பியூட்டர் எம்மாத்திரம்?

ஆசிரியர்களாகிய நாங்களும் சுத்தமில்லை. வகுப்பில் பக்கப் பற்றிப் படிப்பிக்கிறோம். தவணைப் புள்ளிகளை ஒரே பென் டிரைவில் போட்டுக்கொண்டு திரிகிறோம்.

"அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கத்தான் நமக்குச் சொல்லப்பட்டது.

காசில்லை என்பதும் சாட்டு. புதுப் போனுக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கு போதும். முக்கியமானவற்றுக்கு மூன்று பிரதிகள் வைப்போம்: கம்பியூட்டரில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று. வெளியே என்றால் கொழும்பில் இருக்கும் தம்பி வீடாகவும் இருக்கலாம், கிளவுடாகவும் இருக்கலாம். கொப்பி பண்ணியதும் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வையுங்கள். கொழுவியபடியே இருந்தால் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டும். போனும் கிளவுடும் ஒன்றோடொன்று இணைந்திருப்பது மட்டும் பக்கப் ஆகாது; இங்கே அழித்தால் அங்கேயும் அழியலாம். இடைக்கிடை ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். போன் நம்பரையே பாஸ்வேர்டாக வைப்பதையும் நிறுத்துவோம். கம்பியூட்டரைத் திருத்தக் கொடுக்கும்போது குடும்பப் படங்களைத் திறந்தபடி விட்டுக் கொடுக்காதீர்கள்.

நம் பெற்றோருக்கு இரண்டு மணி நேரம்தான் கிடைத்தது. நமக்கு அடுத்த ஜும்ஆ வரைக்கும் நேரம் இருக்கிறது. உறுதியையும் உம்மாவின் படத்தையும் இன்றே இன்னோரிடத்தில் வையுங்கள்.