ஜின் பிடித்ததா? நோய் பிடித்ததா?



நேற்று வரை நன்றாக ஓதி, படித்து, உம்மாவுக்கு ஒத்தாசையாக இருந்த குமர்ப்பிள்ளை. இரண்டு மூன்று நாள் காய்ச்சல், தலையிடி. பிறகு தூக்கமில்லை. யாரோ தன்னைக் கொல்ல வருவதாகக் கத்துகிறாள். இல்லாத ஆட்களோடு பேசுகிறாள். வாயைக் கோணுகிறாள். கைகால்களை முறுக்குகிறாள். வீட்டார் என்ன சொல்வார்கள்? "ஜின் பிடித்துவிட்டது" என்பார்கள். தண்ணீர்ப் போத்தலோடு என் போன்ற ஆலிம்களின் வாசலுக்கு வருவார்கள்.

ஜின்கள் உண்டு என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. அதற்காக, புத்தி தடுமாறிய ஒவ்வொருவரையும் ஜின்னின் கணக்கில் எழுதிவிடும்படி மார்க்கம் சொல்லவில்லை. மேலே சொன்ன அத்தனை அடையாளங்களோடும் வருகின்ற ஒரு மூளை நோய் இருக்கிறது. அதைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னவர் ஸ்பெயின் நாட்டு நரம்பியல் வைத்தியர் ஜோசப் டல்மாவ்.

உடலின் வேறோர் இடத்தில் கட்டி இருக்க, சிலருக்கு மூளை ஏன் பழுதாகிறது? இந்தக் கேள்வியை நியூயோர்க் நகரில் பல வருடங்கள் ஆராய்ந்தவர் அவர். பின்னர் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்தார். அங்கே 2005ஆம் ஆண்டு அவரும் அவருடைய குழுவினரும் நான்கு பெண்களைப் பற்றி எழுதினார்கள். நால்வருக்கும் புத்தி தடுமாற்றம், நால்வருக்கும் சூலகத்தில் கட்டி. அவர்களுடைய இரத்தத்தையும் முள்ளந்தண்டு நீரையும் எலியின் மூளைத் துண்டுகள் மீது இட்டுப் பார்த்தபோது, அவற்றிலுள்ள ஏதோ ஒன்று மூளைக் கலங்களில் போய் ஒட்டிக்கொள்வது தெரிந்தது. அது எதில் ஒட்டுகிறது என்பதை 2007இல், பன்னிரண்டு பெண்களை ஆராய்ந்து உறுதிப்படுத்தினார்கள்.

நடப்பது இதுதான். சூலகத்தில் வளரும் ஒருவகைக் கட்டியில் முடி, பல், நரம்புத் திசு கூட இருப்பதுண்டு. அந்த நரம்புத் திசுவை அந்நியன் என்று நினைத்து, உடலின் எதிர்ப்புச் சக்தி பிறபொருளெதிரிகளை உண்டாக்குகிறது. அவை மூளையிலும் அதே அடையாளத்தைக் கண்டு அங்கும் தாக்குகின்றன. ஞாபகத்துக்கும் சிந்தனைக்கும் தேவையான என்.எம்.டி.ஏ. என்னும் ஏற்பிகள் கலங்களின் மேற்பரப்பிலிருந்து குறைந்து போகின்றன. ஆனால் கலங்கள் பெரும்பாலும் இறப்பதில்லை. ஆகவே தாக்குதலை நிறுத்தினால் ஏற்பிகள் மீண்டும் உண்டாகின்றன. அல்லாஹ்வின் ரஹ்மத்தைப் பாருங்கள்!

2008இல் டல்மாவ் குழுவினர் நூறு நோயாளிகளின் விபரங்களை வெளியிட்டனர். அவர்களில் 91 பேர் பெண்கள். 75 பேர் முழுமையாகவோ, சிறு குறையோடோ சுகமடைந்தனர். மற்றவர்கள் கடும் பாதிப்புக்குள்ளாயினர் அல்லது மரணித்தனர். கட்டியை விரைவில் கண்டுபிடித்து அகற்றியவர்களே கூடுதலாகத் தேறினார்கள். கட்டி இல்லாமலும் இந்நோய் வரும். ஆண்களுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் வரும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகள் உண்டு. சுகமாக மாதக்கணக்கில் செல்லும்.

இது அரிதான நோய்தான். ஆனால் ஓதிப் பார்ப்பதிலேயே நாட்களைக் கழித்தால், வலிப்பு வந்து மூச்சும் தடைப்படலாம். அடிப்பதும் மிளகாய்ப் புகை காட்டுவதும் மார்க்கமல்ல, அநியாயம்.

வலிப்பு நோயால் வருந்திய பெண்ணொருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்த வரலாறு நீங்கள் அறிந்ததே. வலிப்பின்போது தன் ஆடை விலகுகிறதே என்பதுதான் அவருடைய பெருங்கவலை. நபியவர்கள் அவரை வெறுத்து ஒதுக்கவில்லை. அவருடைய மானத்துக்காக துஆச் செய்தார்கள். நோயாளியான நம் பெண் பிள்ளைக்கு நாம் செய்ய வேண்டியதும் அதுதானே!

தாய்மாரே! "கலியாணம் ஆகாத பிள்ளைக்கு வயிற்றில் ஸ்கேனா? ஊர் என்ன பேசும்?" என்று மறுத்துவிடாதீர்கள். பெண் டொக்டரைக் கேளுங்கள். முள்ளந்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்றால் பயந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிடாதீர்கள். நோயின் உண்மை அந்த நீரில் இருக்கலாம்.

நோயைத் தந்தவன் அதற்கு மருந்தையும் வைத்திருக்கிறான் என்பது நமது ஈமான். அந்த மருந்தைத் தேடுவதும் நம் கடமை. பிள்ளையின் தலைமாட்டில் அமர்ந்து குர்ஆன் ஓதுங்கள். ஆனால் அந்தத் தலைமாடு ஆஸ்பத்திரிக் கட்டிலின் தலைமாடாக இருக்கட்டும்.

நோயுற்ற நம் பிள்ளைகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிபாவை அருள்வானாக! ஆமீன்.