ஊர்ப் பெயர் யாருக்குச் சொந்தம்?

"எந்த ஊர்?" என்று கேட்டால் திருமுடிவாக்கம் என்கிறோம். அடுத்த கேள்வி உடனே வந்து விழுகிறது: "ஊரிலேயா, காலனியிலா?" சாதியை வாய்விட்டுக் கேட்கக் கூசுகிறவர்கள் கண்டுபிடித்த வழி இது.

ஊர்ப் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொள்வது பழைய வழக்கம். மராத்தியில் ஊர்ப் பெயரோடு 'கர்' சேர்த்தால் அவ்வூர்க்காரர் என்று பொருள். கோவாவின் மங்கேஷியிலிருந்து மங்கேஷ்கர் வந்தது. அண்ணல் அம்பேத்கரின் பெயரும் அப்படித்தான். குடும்பப் பெயர் சக்பால். பூர்வீகம் ரத்னகிரி மாவட்டத்து அம்படவே. தந்தை ராம்ஜி பள்ளியில் 'அம்படவேகர்' என்று பதிந்தார். அதுவே பின்னர் அம்பேத்கர் ஆனது. மகார்களை எல்லைக்கு வெளியே நிறுத்தியது கிராமம். அப்படிப்பட்ட ஒரு கிராமத்தின் பெயரை உலகறியச் செய்தவர் ஒரு மகார்.

நம் பக்கத்தில் ஊர் இனிஷியலாக முன்னால் நிற்கும். சி.என்.அண்ணாதுரையின் 'சி' காஞ்சிபுரம். பரங்கிமலையில் பிறந்த எம்.சி.ராஜாவின் 'எம்' மயிலை. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. பெயருக்குப் பின்னால் இருந்த வால் மெல்ல உதிர்ந்தது. ஆனால் அந்த வேலையை இப்போது முகவரி செய்கிறது.

'சேரி' என்ற சொல்லைப் பாருங்கள். சேர்ந்து வாழும் இடம் என்பதே அதன் பொருள். இதே காஞ்சி மாவட்டத்து உத்திரமேரூரில், பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில், பிராமணர் ஊரின் பிரிவுகளுக்கே சேரி என்று பெயர். அடுத்த நூற்றாண்டுத் தஞ்சைக் கல்வெட்டில் 'தீண்டாச்சேரி' வந்துவிடுகிறது. இழிவு சொல்லில் இல்லை, ஒதுக்கியவர் ஏற்றியது. காலனிக்கும் அதே கதிதான். அண்ணாநகர் சாந்தி காலனியில் குடியிருப்பவரிடம் யாராவது "ஊரா, காலனியா" என்று கேட்பார்களா?

அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் 'காலனி' நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் பலகையை மாற்றி, நம் குடியிருப்புக்கு மட்டும் தனியாக ஒரு தலைவர் பெயரைச் சூட்டினால், "ஊரிலேயா, அம்பேத்கர் நகரிலா?" என்று கேள்வி மாறும், அவ்வளவுதான். தலைவர்கள் பெயர் வேண்டுமானால் ஊரின் நடுத்தெருவுக்கு வையுங்கள்.

'வாக்கம்' என்பது 'பாக்கம்' மருவியது. அதற்கும் ஊர் என்றே பொருள். அதில் உள்ளே, வெளியே என்று எதுவும் இல்லை. குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், பள்ளிச் சான்றிதழ் எதுவானாலும் கதவு எண், தெரு, அடுத்து ஊர்ப் பெயர் மட்டும் போதும். கிராம சபையில் இதைத் தீர்மானமாக முன்வைப்போம். கல்லூரி விண்ணப்பம் நிரப்பும் பிள்ளைகள் திருமுடிவாக்கம் என்று எழுதி, அங்கேயே முற்றுப்புள்ளி வைக்கட்டும்.