சிம்பல் டேபிளும் சில ஜல்லிகளும்

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் ஆணி புடுங்குற விஷயம். பொட்டி தட்டாதவங்களும் தைரியமா படிக்கலாம், சண்டைக்குப் பஞ்சமில்லை :-)

'டிக்ளரேஷனை கம்பைலர் உள்ளே எப்படி வெச்சுக்குது?' இன்ஜினியரிங் படிச்சவங்க கிட்ட கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் ஒரே பதில்தான்: சிம்பல் டேபிள் சார். பேரு, டைப், சைஸ், அட்ரஸ்னு நாலு கட்டம். கூடவே 'டிக்ளேர் பண்ணினால் மெமரி ஒதுக்கப்படும்' என்று ஒரு வரி. மார்க் விழுந்துடும். நான் சொல்றேன், இது அரைகுறை பதில் மட்டும் இல்லை, படிக்கிற பசங்களுக்குச் செய்யிற கெடுதல்.

முதல்ல அந்த மெமரி கதை. சி மொழியில ரெண்டு வரி, நம்ம எழுத்துல:

எக்ஸ்டெர்ன் இன்ட் விலை;
இன்ட் விலை = 10;

முதல் வரி சுத்தமான டிக்ளரேஷன். ஒரு பைட் கூட ஒதுக்கலை. 'விலைன்னு ஒருத்தன் எங்கேயோ இருக்கான்' என்கிற சேதி, அவ்வளவுதான். ரெண்டாவது வரிதான் டெஃபனிஷன். (வேரியபிளுக்குத் தமிழ்ப் பேரான்னு சிரிக்காதீங்க. கிளாங் 2013லயும் ஜிசிசி 2020லயும் நேரடியா ஏத்துக்க ஆரம்பிச்சாச்சு.)

இப்போ டேபிள்ல எத்தனை வரிசை? ஒரு பேரு, ஒரு வரிசைன்னுதான் நோட்ஸ் சொல்லும். கிளாங் அப்படிச் செய்யறதில்லை. 'வார்டெக்ல்' என்ற வகையில ரெண்டு தனித்தனி ஆப்ஜெக்ட் உருவாக்குது. பின்னாடி வந்தது முன்னாடி வந்ததைக் கைகாட்டும். ரெண்டும் ஒரே ஆள்தான்னு அடையாளம் தெரிய, முதல்ல வந்ததை 'கெனானிக்கல்'னு வெச்சுக்குது. ஏஎஸ்டி-டம்ப் ஆப்ஷன் போட்டுப் பார்த்தா, 'ப்ரெவ்'னு அந்தச் சங்கிலி கண்ணுக்கே தெரியும்.

ஜிசிசி வேற ரூட்டு. அங்கேயும் மாறிக்கு, ஃபங்ஷனுக்கு, டைப்புக்குன்னு தனித்தனி ட்ரீ நோடு உண்டு. ஆனா அதே ஆள் மறுபடி வந்தா, புதுசைப் பழசுக்குள்ள கரைச்சுடும். 1987ல முதல் ஜிசிசி வந்த காலத்துல மெமரி என்ன விலைன்னு யோசிச்சா, அதைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா ஒரு ஃபங்ஷனுக்குப் பேர் மாத்துற டூல் எழுதணும்னா? ஹெடர்ல இருக்கிறது, கோடுல இருக்கிறது எல்லா இடமும் வேணும். கரைச்சுக் குடிச்சப்புறம் எங்கே போய்த் தேடுறது? அதனால என் கட்சி கிளாங் கட்சி. எழுதினவன் எழுதினதை எழுதினபடியே வெச்சுக்கணும்.

அடுத்து, ஊரையே கவுக்கிற வரி:

இன்ட்* அ, ஆ;

ரெண்டுமே பாயிண்டர்னு நினைச்சா ஆப்புதான். 'ஆ' வெறும் இன்ட். ஏன்? கிளாங் பார்சர் இதை ரெண்டா பிரிக்குது. 'இன்ட்' எல்லாருக்கும் பொது. நட்சத்திரம் அந்தந்தப் பேரோட தனிச் சொத்து. பங்காளி வீட்டுல கிணறு பொது, மாடு தனி மாதிரி. நாலு கட்ட டேபிள் முடிவை மட்டும் காட்டும், காரணத்தைக் காட்டாது. பசங்க மனப்பாடம் பண்றாங்க.

அ * ஆ. இது பெருக்கலா, பாயிண்டர் டிக்ளரேஷனா? 'அ' முன்னாடி டைப்டெஃப்பா வந்திருந்தா டிக்ளரேஷன், மாறியா வந்திருந்தா பெருக்கல். அதாவது பழைய டிக்ளரேஷன் தெரியாம அடுத்த வரியை இலக்கணமாக்கூடப் பிரிக்க முடியாது. 'முதல்ல பார்சிங், அப்புறம் டேபிள்' என்று அம்புக்குறி போட்டு நடத்துறவங்க இதை எங்கே வெப்பாங்க?

சி++ல கிளாஸுக்கு வெளியே மெம்பர் ஃபங்ஷன் எழுதினா, கிளாங் அதுக்கு ரெண்டு விலாசம் வெச்சுக்கும். அர்த்தப்படி சொந்த ஊர் கிளாஸ், எழுதப்பட்ட இடம் ஃபைல். வேலை சென்னையில, ரேஷன் கார்டு மதுரையில. நாலு கட்டத்துல இதுக்கு இடம் ஏது?

'சின்ன கம்பைலருக்கு டேபிள் போதுமே'ன்னு கேப்பீங்க. போதும், ஒத்துக்கறேன். டேபிளையே தூக்கிப் போடச் சொல்லலை. 2006ல வந்த டிராகன் புத்தக ரெண்டாம் பதிப்புலயே ஸ்கோப்புக்கு ஒரு டேபிள், அதுங்களுக்குள்ள சங்கிலின்னு அழகா இருக்கு. நோட்ஸுக்கு இறங்கும்போதுதான் சங்கிலி அறுந்து கட்டம் மட்டும் மிஞ்சுது.

'வேலைக்குப் போற பையனுக்கு இதெல்லாம் எதுக்கு'ன்னு இன்னொரு ஜல்லி அடிப்பாங்க. இங்கேதான் எனக்குக் கோவமே. வீட்டுல முதல் ஆளா காலேஜ் வந்த பிள்ளைக்கு, 'முந்தைய டிக்ளரேஷன் இங்கே இருக்கு'ன்னு கம்பைலர் இங்கிலீஷ்ல சொல்றது திட்டற மாதிரி கேக்குது. பயந்து வரியை அழிக்குது, மாத்திப் பாக்குது, கடைசியில 'எனக்கு கோடிங் வராது'ன்னு ஒதுங்கிடுது. அது திட்டு இல்லைம்மா, நீ எழுதின ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முரண்படுது, ரெண்டையும் ஞாபகம் வெச்சுக்கிட்டு விரல் நீட்டிக் காட்டுதுன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?

வாத்தியார் மக்களே, கேக்கறது பத்து நிமிஷம். கட்டம் போட்டு முடிச்சதும் ஒரு டம்ப் எடுத்து ஸ்கிரீன்ல காட்டுங்க. முடியாதுன்னு சொல்றவங்க காரணத்தோட சண்டைக்கு வாங்க, காத்திருக்கேன் :-)